பல்லை வெண்மையாக்க டாக்டரிடம் போவதா, வீட்டிலேயே செய்வதா?

முப்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பத்து ஆண்டுகளாகப் பற்கள் மஞ்சளாகிக்கொண்டே போகின்றன. காபி நிறையக் குடிப்பேன். புகைப்பதை விட்டு ஓராண்டு ஆகிறது. மேல் முன்பற்களில் ஒன்றில் பழைய அடைப்பு (ஃபில்லிங்) இருக்கிறது. அதற்குப் பக்கத்துப் பல் சிறு வயதில் அடிபட்டு, வேர் சிகிச்சை செய்யப்பட்டு, இப்போது சாம்பல் நிறமாகிவிட்டது. டாக்டரிடம் ஒரு மணி நேரத்தில் வெண்மையாக்கிக்கொள்வது நல்லதா, பல்லில் மாட்டும் ட்ரே வாங்கி வீட்டில் செய்வதா, கடையில் கிடைக்கும், பல்லில் ஒட்டும் பட்டைகளே போதுமா? எனாமல் கரைந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள், உண்மையா? வெண்மை எத்தனை நாள் நிற்கும்?"

பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று உங்கள் கோரைப்பற்களைப் பாருங்கள். நடுவில் உள்ள வெட்டுப்பற்களைவிட அவை சற்றே கூடுதல் மஞ்சளாக இருக்கும். பெரும்பாலும் எல்லோருக்கும் அப்படித்தான். அங்கே கறை ஒன்றும் அதிகமாகப் படிந்துவிடவில்லை. கோரைப்பல்லுக்குள் டென்டின் என்ற மஞ்சள் நிற உள்ளடுக்கின் தடிமன் அதிகம், அவ்வளவுதான். பல்லின் நிறம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த டென்டினுடையது. அதன்மேல் போர்த்தியிருக்கும் எனாமல், எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாதுப்பொருள். பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் பனி படிந்த கண்ணாடி போல ஒளியை ஓரளவு உள்ளே விடும். உள்ளிருக்கும் மஞ்சள் அதன் வழியே தெரிகிறது. ஈறை ஒட்டிய பகுதியில் எனாமல் மெல்லியது என்பதால் அங்கே மஞ்சள் இன்னும் தூக்கலாகத் தெரியும்.

வயது ஏற ஏற இரண்டு காரியங்கள் நடக்கின்றன. வெளியே எனாமல் தேய்ந்து மெலிகிறது. உள்ளே, பல்லின் நடுவிலுள்ள உயிர்த்திசுவான பல்கூழ் புதிதாக டென்டினைச் சேர்த்துக்கொண்டே வருகிறது. கண்ணாடி மெலிந்து, அதன் பின்னாலுள்ள மஞ்சள் திரை தடித்தால் என்ன தெரியும்? உங்கள் பத்தாண்டு மஞ்சளில் ஒரு பகுதி இதுதான். மிச்சத்தைக் காபியும் புகையும் செய்திருக்கும்.

நிறம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் எந்த முறை நல்லது என்று விவாதிப்பதில் பொருளில்லை. அதனால்தான் கோரைப்பல்லில் ஆரம்பித்தேன். உமிழ்நீரில் உள்ள புரதங்கள் பல்லின்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. டீ, காபி, புகையிலை ஆகியவற்றின் நிறமிகள் பற்றிக்கொள்வது அந்தப் படலத்தில்தான். ஈறு நோய்க்குத் தரப்படும் குளோர்ஹெக்சிடின் வாய்க்கொப்பளிப்பு மருந்தை வாரக்கணக்கில் பயன்படுத்தினாலும் பழுப்புக் கறை வரும். இரும்புச் சத்துத் திரவ மருந்துகளும் பல்லைக் கறுக்கச் செய்யும். இப்படி மேலே ஒட்டியிருப்பதை நீக்க வெண்மையாக்கும் மருந்தே தேவையில்லை. ஸ்கேலிங் செய்து பற்காரையை எடுத்து, பாலிஷ் போட்டால் போய்விடும். வெண்மையாக்குவதற்கென்று நாள் குறித்து வந்தவர்கள், முதல் நாள் சுத்தம் செய்து முடித்ததும் கண்ணாடியைப் பார்த்துவிட்டு "இதுவே போதும் டாக்டர்" என்று எழுந்து போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஓராண்டுக்கு முன்புவரை புகைத்தவர் நீங்கள். உங்கள் பற்களின் உட்புறத்தில், நாக்கு படும் இடத்தில், பழுப்புக் காரை இன்னும் இருக்க வாய்ப்பு அதிகம். எந்த ஜெல்லாக இருந்தாலும் அதைக் காரையின்மேல் தடவிப் பயனில்லை. ஆகவே சுத்தம் செய்வது உங்களுக்கு முதல் படி. அதோடு முடிந்துவிட்டாலும் ஆச்சரியமில்லை.

முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் ஹைட்ரஜன் பெராக்சைடு வருகிறது. டாக்டரிடம் செய்தாலும் வீட்டில் செய்தாலும் நம்பத்தக்க முறைகள் பெரும்பாலும் இந்த ஒரே வேதிப்பொருளை நம்பித்தான் இருக்கின்றன. இதன் மூலக்கூறு மிகச் சிறியது. எனாமலின் நுண்ணிய இடுக்குகள் வழியே நுழைந்து டென்டின்வரை போய்விடும். அங்கே நிறமி மூலக்கூறுகளை ஆக்சிஜனேற்றம் செய்து உடைக்கிறது. உடைந்த துண்டுகளுக்கு நிறம் இருப்பதில்லை. பல்லைச் சுரண்டுவதோ உரிப்பதோ இதில் எதுவும் இல்லை. கொடியில் பல நாள் வெயிலில் கிடந்த துணி வெளுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். நூல் அப்படியே இருக்கும், சாயம்தான் போயிருக்கும். ஏறக்குறைய அப்படி.

இந்த முறை பிறந்த கதையே வீட்டுச் சிகிச்சைக்கு நல்ல சாட்சி. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பில் கிளஸ்மையர் என்ற பல்சீரமைப்பு மருத்துவர், ஈறு வீங்கியிருந்த நோயாளிகளுக்கு 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு கொண்ட கிருமிநாசினி ஒன்றைக் கொடுத்து, இரவில் அணியும் வாய்க்கருவிக்குள் விட்டுக்கொள்ளச் சொன்னார். ஈறு ஆறியது. கூடவே பற்களும் வெளுத்திருந்தன. யாரும் தேடாமல் கிடைத்த இந்த விளைவு சில மருத்துவர்களிடையே வாய்மொழியாகவே சுற்றிக்கொண்டிருந்தது. வான் ஹேவுட், ஹரால்ட் ஹேமன் என்ற இருவர் 1989ஆம் ஆண்டு அதைக் கட்டுரையாக வெளியிட்ட பிறகுதான் உலகம் முழுவதும் பரவியது. இன்று டாக்டர்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ட்ரே முறை அதன் நேர் வாரிசு. 10 சதவீத கார்பமைடுதான் இன்றும் மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அளவுகோல்.

இங்கே பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கார்பமைடு பெராக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஒன்றல்ல. முதலாவது வாயில் பிரிந்து யூரியாவையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் தருகிறது. 10 சதவீத கார்பமைடிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டுமே. அதனால் "16" என்று போட்ட கார்பமைடு ஜெல்லும் "6" என்று போட்ட ஹைட்ரஜன் பெராக்சைடு ஜெல்லும் வீரியத்தில் கிட்டத்தட்டச் சமம். எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இரண்டு பக்கமும் ஏமாறுகிறார்கள். கார்பமைடு மெதுவாகப் பிரிந்து சில மணி நேரம் வேலை செய்யும். அதனால் இரவு முழுக்க வைக்கலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு சீக்கிரம் தீர்ந்துவிடும். அதை வைப்பது அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குத்தான்.

இப்போது டாக்டரின் நாற்காலி. முதலில் ஷேடு அட்டையைப் பல்லின் அருகே பிடித்து இன்றைய நிறத்தைக் குறித்துக்கொள்வார்கள். வழக்கமான அட்டையில் ஏ, பி, சி, டி என்று நான்கு குடும்பங்களாகப் பதினாறு மாதிரிப் பற்கள் இருக்கும். ஏ குடும்பம் செம்பழுப்பு, பி செம்மஞ்சள், சி சாம்பல், டி சிவப்பு கலந்த சாம்பல். மஞ்சள் சாயல் உள்ளவை நன்றாக வெளுக்கும், சாம்பல் சாயல் உள்ளவை முரண்டு பிடிக்கும். இதை முன்கூட்டியே சொல்லாத டாக்டரிடம் பின்னால் சண்டைதான் மிஞ்சும். பிறகு உதட்டை விலக்கி வைக்கும் சட்டத்தை மாட்டி, ஈறின்மேல் ஒளியில் உறையும் ரெசின் என்ற பிசினைத் தடவி வேலி போடுவார்கள். 25 முதல் 40 சதவீதம்வரை வீரியமுள்ள ஜெல்லைப் பற்களின்மேல் பூசுவார்கள். பதினைந்து இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுவதும் உண்டு. இரண்டு மூன்று சுற்று. அந்த ஈறு வேலி அலங்காரத்துக்குப் போடுவதில்லை. இந்த வீரியத்தில் ஜெல் ஈறில் பட்டால் அந்த இடம் வெள்ளையாக வெளிறி எரியும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும் என்றாலும், வேலியைச் சரியாகப் போடாமல் அவசரப்படும் கையிடம் உங்கள் வாயைக் கொடுக்காதீர்கள்.

பிறகு அந்த நீல விளக்கு. நோயாளிகளை மிகவும் கவர்வது அதுதான். விளக்கில்லாமல் செய்தால் ஏதோ குறைவாகச் செய்துவிட்டதாக நினைப்பவர்களும் உண்டு. ஆனால் விளக்கோடு ஒரு குழுவுக்கும் விளக்கில்லாமல் இன்னொரு குழுவுக்கும் செய்து சில வாரங்கள் கழித்து ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், வீரியமான ஜெல்லோடு விளக்கு சேர்ப்பதால் சொல்லும்படியான கூடுதல் வெண்மை கிடைப்பதில்லை. சூடாக்கும் விளக்காக இருந்தால் கவலைப்படவும் காரணம் உண்டு. சாக், கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் குரங்குகளின் பற்களைச் சூடாக்கிப் பார்த்தார்கள். பல்கூழின் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தபோதே ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான பற்களின் கூழ் மீளாமல் கெட்டது. அதனால்தான் இன்றைய விளக்குகள் பெரும்பாலும் சூடு குறைந்த எல்இடி வகைக்கு மாறியிருக்கின்றன. மாறியதில் ஆபத்து குறைந்தது, பயன் கூடியதாகத் தெரியவில்லை.

ஒரு மணி நேரத்தில் எழுந்து கண்ணாடியைப் பார்க்கும்போது பல் பளீரென்று இருக்கும். அந்த வெண்மை முழுவதும் உங்களுடையது என்று நம்பிவிடாதீர்கள். வாயை ஒரு மணி நேரம் திறந்தே வைத்திருந்ததில் எனாமல் வறண்டிருக்கிறது. வறண்ட எனாமல் ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கும், சுண்ணாம்பு போல வெளுப்பாகத் தெரியும். உமிழ்நீர் ஊறியதும் அதில் ஒரு பகுதி இறங்கிவிடும். உண்மையான நிறம் நிலைபெற ஒன்று இரண்டு வாரங்கள் ஆகும். "முன்பு, பின்பு" என்று போடும் படங்களில் பின்பு என்பது எந்த நிமிடத்தில் எடுத்தது என்று கேட்டுப் பாருங்கள். நாற்காலியைவிட்டு எழும் முன்பே எடுத்திருந்தால் அந்தப் படத்தை நம்பி முடிவு செய்ய வேண்டாம்.

ட்ரே முறையில் இந்தப் பரபரப்பு எதுவும் இல்லை. உங்கள் பற்களின் அச்சை எடுத்து, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி இழுத்து, உங்களுக்கு மட்டுமே பொருந்தும் ட்ரே செய்வார்கள். அது நன்றாகப் பொருந்துவதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. தளர்ந்த ட்ரேயிலிருந்து ஜெல் வழிந்து ஈறை எரிக்கும், உமிழ்நீர் உள்ளே புகுந்து ஜெல்லைச் செயலிழக்கச் செய்யும். படுக்கும் முன் பல் துலக்கி, ஒவ்வொரு பல்லின் முன்பக்கத்துக்கும் ஓர் அரிசி மணி அளவு ஜெல் வைத்தால் போதும். ட்ரேயை மாட்டி, வெளியே பிதுங்குவதை விரலாலோ பஞ்சாலோ துடைத்துவிட வேண்டும். அதிகம் வைத்தால் அதிகம் வெளுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதிகம் வைத்தால் அதிகம் விழுங்குவீர்கள், தொண்டை கரகரக்கும், வேறொன்றும் நடக்காது. காலையில் கழற்றிக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வெந்நீரில் கழுவினால் ட்ரே வளைந்துவிடும், மறுபடி அச்செடுக்க வேண்டியதுதான். நிறம் முதலில் பல்லின் நுனியில் மாறும், ஈறோரம் கடைசியில்தான் மாறும். ஐந்தாம் நாளில் பல் இரண்டு நிறமாகத் தெரிந்தால் பதற வேண்டாம்.

சாதாரண வயது மஞ்சளுக்கு இரண்டு வாரங்கள், அதிகம் போனால் மூன்று நான்கு. புகையிலை நிறம் ஆழமாக இறங்கியிருந்தால் ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை போகலாம். சிறு வயதில் டெட்ராசைக்ளின் மருந்து சாப்பிட்டதால் பல்லில் சாம்பல் பட்டைகள் விழுந்தவர்களுக்கு ஆறு மாதம்கூட ஆகலாம். அவர்களை ஒரே அமர்வில் வெண்மையாக்கிவிடுவேன் என்று யாராவது சொன்னால் அது வியாபாரம்.

இரண்டு முறைகளையும் முடித்துச் சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் பற்கள் போய்ச் சேரும் நிறம் ஏறக்குறைய ஒன்றுதான். வீரியமும் நேரமும் ஒன்றையொன்று ஈடு செய்கின்றன. நாற்காலியில் நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் வேகத்துக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 அக்டோபர் 31 முதல் நடைமுறையில் உள்ள விதியைப் பாருங்கள். 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம்வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள பொருள்களைப் பல் மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கலாம். ஒவ்வொரு சுற்றின் முதல் பயன்பாடும் மருத்துவர் கையால் அல்லது அவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குக் கூடாது. 6 சதவீதத்தைத் தாண்டவே கூடாது. 35 சதவீத ஜெல்லுக்கு அங்கே இடமில்லை. அங்கும் மக்களின் பற்கள் வெளுக்கத்தான் செய்கின்றன.

அப்படியானால் நாற்காலி யாருக்கு? வாயில் ட்ரே வைத்தாலே குமட்டுபவர்களுக்கு. இரண்டு வாரம் தவறாமல் ஒன்றைச் செய்ய முடியாது என்று தம்மைப் பற்றித் தாமே அறிந்தவர்களுக்கு. அடுத்த வாரமே மேடையில் நிற்க வேண்டியவர்களுக்கு. நாற்காலியில் ஓர் அமர்வு முடித்துவிட்டு மிச்சத்தை வீட்டு ட்ரேயில் தொடர்வதும் உண்டு. தொடக்கத்திலேயே மாற்றம் தெரிவதால் பலருக்கு அது ஊக்கம் கொடுக்கிறது. உங்களுக்கு அவசரம் எதுவும் இருப்பதாகக் கேள்வியில் தெரியவில்லை. நான் ட்ரேயைத்தான் சொல்வேன்.

கடையில் கிடைக்கும் பட்டைகளை ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். பெராக்சைடு உள்ள நல்ல பட்டை உண்மையிலேயே வெளுக்கும். ஆனால் அது தட்டையான துண்டு. வரிசையாக அமைந்த ஆறு முன்பற்களில் ஒழுங்காக ஒட்டும். பல் திரும்பியோ நெருக்கியோ இருந்தால் மடிப்புகளில் ஒட்டாமல் இடைவெளி விழும், நிறம் திட்டுத்திட்டாக வரும். சிரிக்கும்போது தெரியும் கடைவாய்ப் பக்கத்துப் பற்கள் பழைய நிறத்திலேயே நின்றுவிடும். இதைவிடப் பெரிய குறை, பட்டையை வாங்குபவரின் வாயை யாரும் பார்க்கவில்லை என்பது. எந்தப் பல்லில் சொத்தை, எங்கே விரிசல், எது செத்த பல் என்று பெட்டிக்குத் தெரியாது. அளவு பார்த்து எடுக்கப்படாத ட்ரேயும் சிறிய நீல விளக்கும் சேர்ந்த வீட்டுப் பெட்டிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விளக்கைக் கழித்துவிட்டு உள்ளே என்ன ஜெல், எவ்வளவு வீரியம் என்று மட்டும் பாருங்கள். அது எழுதப்படவில்லை என்றால் வாங்காதீர்கள். அழகு நிலையங்களில் சிலர் குளோரின் டைஆக்சைடு பயன்படுத்துகிறார்கள். அது அமிலத்தன்மை மிகுந்தது. எனாமலின் மேற்பரப்பை அரித்துச் சொரசொரப்பாக்கும், பளபளப்புப் போனதும் கறை முன்பைவிட வேகமாக ஏறும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எனாமல் கரைந்துவிடும் என்ற பயம் இப்படிப்பட்ட பொருள்களைப் பொறுத்தவரை நியாயமானதுதான். பல் டாக்டர் தரும் ஜெல்லைப் பொறுத்தவரை அவ்வளவாக இல்லை. பெராக்சைடு பட்ட எனாமலின் கடினத்தன்மை சற்றே குறைவதை ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். உமிழ்நீரின் தாதுக்கள் அதைத் திரும்ப ஈடு செய்துவிடுகின்றன. எனாமலுக்கு உண்மையான எதிரி அமிலம். பிஎச் அளவு ஏறக்குறைய 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2க்கும் 3க்கும் இடையில். "இயற்கை முறையில் வெண்மை" என்று எலுமிச்சையைப் பல்லில் தேய்ப்பவர்கள் தம் கையாலேயே எனாமலைக் கரைக்கிறார்கள். எனாமல் மெலிந்தால் உள்ளிருக்கும் மஞ்சள் இன்னும் நன்றாகத் தெரியும் என்பதுதான் இதில் வேடிக்கை. கரித்தூள் பற்பசை மேல்கறையைத் தேய்த்து எடுக்கும், டென்டினின் நிறத்தைத் தொடவும் முடியாது. பழைய அடைப்பின் ஓரங்களிலும் விரிசல்களிலும் கரி புகுந்து கறுப்புக் கோடாக நின்றுவிடுவதும் உண்டு. உங்களுக்கு முன்பல்லில் அடைப்பு இருப்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். சமையல் சோடா கரியைவிட மென்மையானது, ஆனாலும் மேற்பூச்சு வேலைதான். "வெண்மை தரும்" பற்பசைகளில் சில, பல்லின்மேல் மெல்லிய நீலச் சாயம் ஒன்றைப் படியவைத்து மஞ்சளை மறைக்கின்றன. வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவதுபோல. அதில் தீங்கில்லை, அடுத்த முறை வாய் கொப்பளிக்கும்வரை சந்தோஷம்.

எனாமலைவிட நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது கூச்சத்தை. பெராக்சைடு சில நிமிடங்களிலேயே பல்கூழ்வரை போய்விடுகிறது. அதனால் பலருக்கும் பல் கூசும். குளிர்ந்த காற்றுப் பட்டாலே கூசும். சிலருக்கு எதுவும் படாமலே மின்னல் அடித்ததுபோல ஒரு கணம் சுருக்கென்று குத்திவிட்டுப் போகும். நாற்காலி முறையில் முதல் இருபத்துநான்கு மணி நேரம் இது கடுமையாக இருக்கும். ட்ரே முறையில் லேசாக, ஆனால் நாள்கணக்கில் வரலாம். நிறுத்தினால் சில நாட்களில் போய்விடும். ட்ரே முறை எனக்குப் பிடிப்பதற்கு இதுவே முதல் காரணம், கடிவாளம் உங்கள் கையில் இருக்கிறது. கூசினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வைக்கலாம், இரவு முழுக்க வைப்பதற்குப் பதில் இரண்டு மணி நேரம் வைக்கலாம். நாற்காலியில் ஏற்றிய 35 சதவீதத்தை வீட்டுக்கு வந்து திரும்ப எடுக்க முடியாது. பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பற்பசையை இரண்டு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். கூச்சம் வரும் நாளில் அதே பசையை ட்ரேயில் வைத்து இருபது நிமிடம் மாட்டிக்கொண்டாலும் நரம்பு அடங்கும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்தால் கூச்சம் கூடுதலாக இருக்கும். வேரின்மேல் எனாமல் கிடையாது, ஆகவே அந்தப் பகுதி மற்றதைப் போல வெளுக்கவும் செய்யாது.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போடுவது நல்லது. அவசரமில்லாத ஒன்றை அப்போது செய்ய வேண்டிய காரணமில்லை. சொத்தையும் ஈறு நோயும் இருந்தால் முதலில் அவை. அரிதாகச் சிலரின் உடலில் பெராக்சைடைப் பிரிக்கும் கேட்டலேஸ் என்ற நொதியே இருப்பதில்லை. ஜப்பானிய மருத்துவர் ஷிகேயோ தகஹாரா ஒரு சிறுமியின் வாய்ப் புண்ணில் பெராக்சைடு ஊற்றியபோது, பொங்கி நுரைக்க வேண்டிய இடம் நுரைக்காமல் கறுத்துப்போனதைப் பார்த்துத்தான் இந்தக் குறை வெளிச்சத்துக்கு வந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு இந்தச் சிகிச்சையே கூடாது. ஃபுளோரைடு மிகையால் பல்லில் வெள்ளைத் திட்டுகள் இருப்பவர்களுக்கு முதல் சில நாட்கள் திட்டு இன்னும் துருத்திக்கொண்டு தெரியும். சுற்றியுள்ள பகுதி வெளுத்து வரும்போது வித்தியாசம் குறையும். குறையாவிட்டால் மேற்பரப்பை நுண்ணிய அளவில் உரசி எடுக்கும் முறையும், திட்டுக்குள் ரெசினை ஊறவைக்கும் முறையும் இருக்கின்றன.

உங்கள் சாம்பல் பல்லுக்கு வருகிறேன். கேள்வியில் நீங்கள் அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். என் கண்ணுக்கு முக்கியம் அதுதான். அடிபட்ட பல்லுக்குள் ரத்தம் கசிந்து, அதன் இரும்புச் சிதைவுகள் டென்டின் குழாய்களில் தங்கிவிடுவதால் அந்த நிறம் வருகிறது. பழைய வேர் சிகிச்சையில் வைத்த பொருளும் காரணமாகலாம். வெளியிலிருந்து எத்தனை ஜெல் தடவினாலும் மற்றப் பற்கள் வெளுத்துக்கொண்டே போக, இது பின்தங்கி இன்னும் அதிகமாகத் தெரியும். முதலில் எக்ஸ்ரே எடுத்து வேர் சிகிச்சை நன்றாக இருக்கிறதா, வேர் நுனியில் சீழ்க்கட்டி இல்லையா, வேர் எங்காவது கரைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காரணம் தெரியாமல் ஒற்றைப் பல்லை வெளுப்பது, எச்சரிக்கை விளக்கின்மேல் துணி போடுவது போன்ற காரியம்.

எல்லாம் சரியாக இருந்தால் அந்தப் பல்லை உள்ளிருந்து வெளுக்கலாம். பின்பக்கத்தில் சிறு துளை திறந்து, வேர் அடைப்பின்மேல் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சிமென்ட் வைத்து மூடிவிட்டு, அறைக்குள் வெண்மையாக்கும் மருந்தை வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்புவார்கள். சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். மூன்று நான்கு முறையில் நிறம் வந்துவிடுவதுண்டு. அந்தச் சிமென்ட் மூடியை விட்டுவிடக் கூடாது. மருந்து ஈறோர வேர்ப்பகுதிக்குக் கசிந்தால் ஆண்டுகள் கழித்து வேர் வெளியிலிருந்து அரிக்கப்படலாம். அந்தக் காலத்தில் வீரியமான பெராக்சைடை உள்ளே வைத்துச் சூடும் கொடுத்த பற்களில்தான் இந்தச் சேதம் அதிகம் தெரியவந்தது.

அடைப்பு எந்த ஜெல்லாலும் நிறம் மாறாது. பல்லுக்குப் போடும் உறைகளும், முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய தகடுகளான வெனீர்களும் அப்படியே. பல் வெளுத்து, அடைப்பு பழைய மஞ்சளிலேயே நின்று, ஒட்டுப் போட்ட சட்டைபோலத் தெரியும். அதை மாற்ற வேண்டியிருக்கும் என்று இப்போதே மனதிலும் பட்ஜெட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வாய்க்கு நான் வைக்கும் வரிசை இது: சுத்தமும் எக்ஸ்ரேயும் முதலில். பிறகு ட்ரே. மற்றப் பற்கள் நின்றுவிட்ட நிறத்தை இலக்காக வைத்துச் சாம்பல் பல். எல்லாம் முடிந்து குறைந்தது இரண்டு வாரம் கழித்து அடைப்பு. இந்த இரண்டு வாரம் நிறம் நிலைபெறுவதற்கு மட்டும் வைத்ததில்லை. பல்லுக்குள் மிச்சமிருக்கும் ஆக்சிஜன், புது ரெசின் உறைவதைக் கெடுத்து ஒட்டும் வலிமையைக் குறைக்கும்.

எவ்வளவு நாள் நிற்கும் என்றால், பெரும்பாலோருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டுகள் வரை. திரும்பப் புகைத்தால் இந்தக் கணக்கு செல்லாது. சிகிச்சையின்போது நிறமுள்ள எதையும் குடிக்கவே கூடாது என்று கடுமையாகச் சொல்வார்கள். ஆய்வுகளில் அதனால் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. ட்ரே கழற்றிய உடனே காபியில் குதிக்காமல் கொஞ்சம் பொறுத்தால் போதும். எவ்வளவு வெண்மை என்பதற்குப் பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு. கண்ணின் வெள்ளைப் பகுதிதான் எல்லை. பல் அதைவிட வெளுத்தால் சிரிப்புக்கு முன்னால் பல் தெரியும். அந்த எல்லையைக் கடந்தும் நிறுத்த முடியாமல், ஒவ்வொரு மாதமும் புதுப் பெட்டி வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களின் பல் நுனி கண்ணாடிபோல நீலம் பாய்ந்திருக்கும். அங்கே வெளுக்க வேண்டிய நிறமே மிச்சமில்லை.

ட்ரேயை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மூடியுள்ள டப்பாவில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து நிறம் இறங்கியதாகத் தோன்றினால், புது ஜெல் ஒன்று வாங்கி இரண்டு மூன்று இரவுகள் வைத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். முதல் முறை எடுத்த ஷேடு எண்ணை டாக்டரிடம் கேட்டு அந்த டப்பாவின் மூடியிலேயே எழுதி ஒட்டிவையுங்கள். எங்கிருந்து தொடங்கினோம் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.